வாத்துச் சந்து, மூன்றாம் எண் குடிசை

ஏழைகளை மதிக்கத் தெரிந்த ஊர் என்று இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ஸ்கெல்பிதான். இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. நகர மன்றத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு உபகுழுவில் முறைப்படி விவாதித்து, எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் கை தூக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தை ஆதரவாகக் கொள்வது எங்கள் மரபு.

அந்த உபகுழுவின் செயலாளர் அடியேன். பெயர் லயனல் பிம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வட இங்கிலாந்தில் மழைக்கும் ஆட்டுக்கும் தவிர வேறெதற்கும் பேர் வாங்காத எங்கள் ஊருக்கு ஒரு 'வரலாறு' கிடைத்த கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் எங்கள் தலைவி மார்ஜரி வின்டர்பர்ன் அம்மையார் ஒருவர்தான். ஆனால் ஏழைகள் என்று ஆரம்பித்தாலே அவருக்கு அழுகை வந்துவிடும். ஆகவே நானே சொல்கிறேன்.

மகத்தான கதைகள் எல்லாம் அரண்மனையில் தொடங்கும் என்பார்கள். எங்களுடையது அடைத்துக்கொண்ட சாக்கடையில் தொடங்கியது.

வாத்துச் சந்தில் நகர மன்றத்துக்குச் சொந்தமாக ஒட்டினாற்போல நான்கு சின்ன வீடுகள் இருந்தன. செங்கல் வீடுகள். பார்க்க லட்சணமும் கிடையாது, பாதுகாக்க வயதும் போதாது. மூன்று வீடு காலி. மூன்றாம் எண்ணில் மட்டும் ஐரீன் டாட் என்ற அம்மாளும் அவள் கணவர் லென்னும் குடியிருந்தார்கள். ஐரீன் பள்ளிக்கூடச் சமையற்காரி. ஊரில் பாதிப் பேர் அவள் ஊற்றிய கஸ்டர்டைத் தின்று வளர்ந்தவர்கள். லென் கம்பளி ஆலையில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். ஒரு வாசற்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த காரியம். வீடு தரையோடு தரையாக இருந்ததால் மனிதர் தாக்குப்பிடித்தார்.

சாக்கடை அடைத்துக்கொண்டது என்று ஐரீன் மன்றத்தில் முறையிட்டாள். மன்றம் தனக்கே உரிய நிதானத்தோடு இரண்டு குளிர்காலம் யோசித்துவிட்டு ஆளை அனுப்பியது. கொல்லையைத் தோண்டிய ஆள் சாக்கடையைக் காணாமல் ஒரு கல் வரிசையைக் கண்டான். கல்லைத் தொடர்ந்து போனால் கரி படிந்த ஓர் அடுப்பு. உடனே பல்கலைக்கழகத்திலிருந்து தொல்லியல் ஆய்வாளர் டாக்டர் ரூபர்ட் கீல் வரவழைக்கப்பட்டார். வந்தவர் சேற்றில் மண்டியிட்டார், எழுந்திருக்கவே இல்லை.

"குடிசைங்க," என்றார். "ஐநூறு வருஷத்துக்கு மேல ஆகுது. ஊருக்குள்ள கூலி வேலை செஞ்சவங்க வீடு. மாளிகை கெடைக்கும், தேவாலயம் கெடைக்கும், கோட்டை வேணும்னா எத்தனை வேணாலும் கெடைக்கும். ஏழை வீடு கெடைக்கவே கெடைக்காதுங்க. யாரு விட்டு வச்சாங்க?"

நான்கு குடிசைகள். ஒவ்வொன்றும் ஒரே ஓர் அறை. அடியில் கல், மேலே மரச்சட்டமும் மண்பூச்சும், நடுவில் அடுப்பு. மார்ஜரி அம்மையார் குழியின் ஓரத்தில் நின்று, உடைந்த மூன்றுகால் சட்டியின் ஒற்றைக் காலைக் கையில் ஏந்திக்கொண்டு விம்மினார்.

"ஐயோ பாவம்! இத்தனூண்டு எடத்துல ஒரு குடும்பமே குடியிருந்திருக்கே! இந்தக் குளிர்ல என்ன பாடு பட்டிருப்பாங்களோ!"

நாங்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினோம். எனக்கே கண் கலங்கியது. வங்கியில் இருந்தவரை எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. அந்தப் புனிதமான தருணத்தில் பின்கதவு திறந்தது.

"கண்ணு, அழுது முடிச்சதும் ஒரு சேதி சொல்லிட்டுப் போங்க," என்றாள் ஐரீன். "சாக்கடைய எப்ப சரி பண்ணுவீங்க? பாத்திரம் கழுவுன தண்ணி திரும்பி அடுப்படிக்கே வருது."

எங்கள் பக்கத்துப் பெண்கள் பால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாசம் இருக்கிறது என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

குடிசைகள் ஐரீனின் கொல்லையோடு நிற்கவில்லை. கல் வரிசை நேராக அவள் அடுப்படிக்குக் கீழே போனது. அதைச் சொன்னவர் டாக்டர் கீல்தான். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்பதுபோல் முழித்தார். விஞ்ஞானிகளுக்கு இந்தக் கோழைத்தனம் உண்டு. உபகுழுவுக்குக் கிடையாது. அந்த வாரமே கூடி, நான்கு வீடுகளையும் 'அகற்றி', அடியிலிருக்கும் ஏழைகளின் வாழ்வை உலகத்துக்குக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

கெட்ட சேதியை வெறுங்கையோடு கொண்டுபோவது எங்களிடம் அநாகரிகம். மார்ஜரி அம்மையார் தம் கையாலேயே எலுமிச்சை கேக் செய்து எடுத்துக்கொண்டார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஐரீன் கேக்கைப் பார்த்தாள். "யாரு செத்தது?"

"யாரும் சாகலை மிஸஸ் டாட். சந்தோஷமான விஷயந்தான்," என்றார் மார்ஜரி. "உங்க அடுப்புக்குக் கீழ இன்னொரு அடுப்பு இருக்கு."

"இருக்கட்டுமே. நான் ஒண்ணும் அதத் தொந்தரவு பண்ணலையே."

"உங்க வீடு பண்ணுது," என்றேன் நான்.

லென் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. "அந்த அடுப்புல சமைச்சவங்க... இப்ப எங்க இருக்காங்க?"

"செத்துட்டாங்க மிஸ்டர் டாட். எப்பவோ."

"அப்ப அவங்களுக்கு வீடு வேணாம். எங்களுக்குத்தான்... வேணும்."

வரலாற்று உணர்வு இல்லாதவர்களிடம் பேசுவது எவ்வளவு சிரமம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் விடவில்லை. "மிஸ்டர் டாட், அவங்க உங்களுக்கு முன்னால வந்தவங்க. அவங்கதான் முதல்ல. நீங்க அவங்களுக்குப் பின்னால. வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

எங்கள் ஊரில் கடவுளை மறுத்துப் பேசலாம், அரச குடும்பத்தைத் திட்டலாம். வரிசையை மட்டும் யாரும் மீற முடியாது. பேருந்து நிறுத்தத்தில் ஒற்றை ஆள் நின்றால்கூட வரிசையாகத்தான் நிற்பான். ஐநூறு வருஷம் முன்னால் வந்து நின்றவனைத் தள்ளிவிட்டு முன்னே போக ஐரீனுக்கு மனம் வருமா?

"சரி, எங்களை எங்க அனுப்பப்போறீங்க?" என்றாள் கடைசியில்.

"பக்கத்து ஊரு மிக்கில்பியில அருமையான வீடு," என்றேன் நான். "மூணாவது மாடி. ஜன்னலத் திறந்தா மலை, ஆடு, எல்லாம் தெரியும்."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு."

"ஓடுதா?"

"அதான் இருக்குன்னு சொன்னேனே."

ஐரீன் கேக் தட்டை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள். "மிஸ்டர் பிம், நல்லாக் கேட்டுக்குங்க. இந்த மனுசன் ஒரு படி ஏறுனா மூஞ்சி நீலம் பாரிக்குது. மூணு மாடி தூக்கிட்டுப் போயி வச்சீங்கன்னா அப்புறம் வெளிய வாசலையே பாக்க மாட்டாரு. சந்துக் கோடியில அஞ்சாம் நம்பர் வீடு தனியா காலியாத்தானே கெடக்கு? கீழ் வீடு. அதக் குடுங்க. நாளைக்கே நாங்களே மூட்டையத் தூக்கிட்டுப் போயிடறோம். ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

நியாயமான வேண்டுகோள். பரிசீலிப்பதாக வாக்களித்தோம். வாக்கைக் காப்பாற்றவும் செய்தோம். ஐந்தாம் எண் வீட்டை நேரில் போய்ப் பரிசீலித்தபோது அது கீழ்த்தளம், சுவரில் துளி ஈரமில்லை, வெப்பமூட்டி நன்றாக வேலை செய்கிறது என்று தெரியவந்தது. குழியிலிருந்து வரும் பானை ஓடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு உண்டா? ஓட்டுக்கு ஈரக்காற்று ஆகவே ஆகாது என்று டாக்டர் கீலே சொல்லியிருக்கிறார். லென்னுக்கும் ஆகாதுதான். ஆனால் லென் பழசு அல்லவே. ஐந்தாம் எண் 'ஏழைகள் வாழ்வியல் காட்சியகம்' ஆனது. வாசலிலேயே குடிசைப் படம் போட்ட கைத்துண்டுகளும் தேநீர்க் கோப்பைகளும் விற்பனைக்கு வைத்தோம்.

டாட் தம்பதியர் மிக்கில்பிக்குப் போனார்கள். லென்னை நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. கோடை முழுக்க டாக்டர் கீலும் மாணவர்களும் பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் துடைத்தார்கள். கோடை முடிந்து அவர் உபகுழுவுக்கு முன்னால் வந்து நின்றபோது முகம் சரியில்லை. நாங்கள் பிஸ்கட் கொடுத்தோம். வேண்டாம் என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

"மூணாவது குடிசையில அடுப்பு மேலேயே சட்டி இருக்கு," என்றார். "உள்ள எலும்பு கெடக்கு. கொதிச்சிட்டிருக்கும்போதே விட்டுட்டுப் போயிருக்காங்க. தானா காலி பண்றவங்க சட்டியை விட்டுட்டா போவாங்க? சுவரெல்லாம் வெளியிலேர்ந்து உள்பக்கமா தள்ளியிருக்காங்க. அது மேல அப்படியே கல் பாவிட்டாங்க. கல்லுல சக்கரத் தடம் இருக்கு."

"எதுக்குக் கல் பாவணும்?" என்று கேட்டார் மார்ஜரி.

"சந்தைக்கு வர்றவங்க வண்டி நிறுத்த. ஊர்ப் பெரியவங்க கூடி முடிவெடுத்து இடிச்சிருக்கணும். வேற யாரால முடியும்? இந்த மன்றத்தோட முன்னோர்ங்கதான்."

யாரோ பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு மார்ஜரி அம்மையாரின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"அப்படின்னா நம்ம மன்றம் அவ்வளவு பழசா?"

ஒரே கரகோஷம். மிக்கில்பி மன்றத்துக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. டாக்டர் கீல் மட்டும் எதையோ சொல்ல வந்தார், கரவொலியில் கேட்கவில்லை.

அறிவிப்புப் பலகையில் எழுத அவர் கொடுத்த வாசகம், குடிசைகள் 'இடித்துத் தள்ளப்பட்டன' என்று இருந்தது. முரட்டு நடை. நான் அதைக் கொஞ்சம் செப்பனிட்டேன். 'காலப்போக்கில் இக்குடிசைகள் பயன்பாட்டிலிருந்து விலகிக்கொண்டன.' யாரையும் புண்படுத்தாமல் தாமாக எழுந்து விலகிக்கொண்ட குடிசைகள். அப்படிப்பட்ட நாகரிகம் ஸ்கெல்பியின் சுவர்களுக்கே உண்டு.

அடுத்து, கிடைத்த செல்வத்தை எப்படிப் பாதுகாப்பது என்ற கேள்வி எழுந்தது. மழையிலும் பனியிலும் திறந்து கிடந்தால் மண்சுவர் கரைந்துவிடும். மறுபடியும் மண்ணைப் போட்டு மூடிவிடுவதே சாலச் சிறந்த பாதுகாப்பு என்று டாக்டர் கீல் சொன்னார். துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். உடனே ஒப்புக்கொண்டோம். மூடினோம். மூடியதைப் பார்க்க வெளியூரிலிருந்து கூட்டம் வரும் என்று எதிர்பார்த்தோம். வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்? ஊரில் காலியாக இருந்த ஒரே இடம் குடிசைகள் இருந்த இடம்தான்.

ஆகவே அது கார் நிறுத்துமிடம் ஆயிற்று. சும்மா கார் நிறுத்துமிடம் அல்ல. கீழே இருக்கும் நான்கு குடிசைகளின் சுவர்களும் எங்கே ஓடுகின்றனவோ அங்கெல்லாம் தரையில் சிவப்புச் செங்கல் பதித்துக் கோடு போட்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர் தம் காரைக் குடிசைமேல் நிறுத்தி, இறங்கி, டயருக்கு அடியில் குனிந்து ஏழைகளின் வாழ்வைக் கண்டு உருகலாம். உலகத்தில் வேறெங்கும் இந்த வசதி கிடையாது.

இவ்வளவையும் செய்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மாவட்டத்தின் 'சிறந்த பாரம்பரிய நகர்' கோப்பைக்குப் போட்டியிட்டோம். நடுவர் வரும் நாளுக்காகக் கார்களை அப்புறப்படுத்தினோம். உறுப்பினர்கள் அனைவரும் ஐநூறு ஆண்டுக்கு முந்தைய ஏழைகளாக வேடமிட்டு, ஆளுக்கொரு குடிசையில் நின்று வரவேற்பது என்று ஏற்பாடு. பாதிரியார் பிச்சைக்காரர். மார்ஜரி அம்மையார் பட்டினி கிடக்கும் விதவை. வாடகைக்கு எடுத்த கந்தல் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நான் சாக்குத் துணி. தூறல் வேறு. ஏழையாக இருப்பது இவ்வளவு சில்லிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நடுவர் வரக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு பழைய வேன் வந்து நின்றது. ஐரீன் இறங்கினாள். இரண்டு சமையலறை நாற்காலி, ஒரு ஸ்டவ், ஒரு கெட்டில். எல்லாவற்றையும் மூன்றாம் எண் குடிசையின் சிவப்புக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேன் போய்விட்டது.

"மிஸஸ் டாட்! இது கார் நிறுத்தற எடம்!" என்று ஓடிவந்தார் பட்டினி விதவை.

"இது என் அடுப்படி, கண்ணு. அந்தா, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கந்தான் என் சாக்கடை. கால ஓரமா வையி."

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றேன்.

"அஞ்சாம் நம்பர் வேணும். லிஃப்ட் போயி ரெண்டு மாசமாச்சு. மனுசன் படுத்த எடத்துலேர்ந்து எந்திரிக்கலை. டாக்டர் வந்து கீழ கொண்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சாவிய வாங்கிட்டுத்தான் எந்திரிப்பேன்."

கார் நிறுத்தக் கண்காணிப்பாளரை அழைத்தோம். வண்டி இருந்தால் அபராதம் போடலாம், நாற்காலிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கை விரித்தார். அதற்குள் நடுவரின் கார் சந்துக்குள் திரும்பிவிட்டது.

நடுவர் கர்னல் ட்ரஸ்காட். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, மீசை ராணுவத்தைவிடப் பெரிசு. பிச்சைக்காரப் பாதிரியாரைத் தாண்டினார். சாக்குத் துணியில் நடுங்கிக்கொண்டிருந்த என்னையும் தாண்டினார். நேரே மூன்றாம் எண்ணுக்குப் போய் நின்றார்.

"அடடா! என்னம்மா இது, மழையில உக்காந்திருக்கே? மேல ஒரு கூரை போடக்கூடாதா?"

"என்னைக் கேக்காதீங்க. அவங்களக் கேளுங்க."

ஓரமாக நின்ற டாக்டர் கீல் தொண்டையைக் கனைத்தார். "கூரை எப்படி இருந்துச்சுன்னு ஆதாரம் கெடைக்கலைங்க."

"பிரமாதம்! ஆதாரம் இல்லாம ஒரு குச்சி வைக்கலை!" என்று கர்னல் எதையோ குறித்துக்கொண்டார். "அந்தக் காலி நாற்காலி யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரருக்கு. மூணாவது மாடியில கெடக்காரு. எறங்க முடியல."

கர்னல் நெற்றியைச் சுருக்கினார். "அந்தக் காலத்துல ஏழைக்கு ஏது மூணாவது மாடி? இது ஒண்ணுதான் ஒட்டலை." பேனா மறுபடி ஓடியது. ஒரு மதிப்பெண் போச்சு.

"சரிம்மா, இங்க குடியிருந்தவங்க ஏன் போனாங்க?"

மார்ஜரி அறிவிப்புப் பலகையைக் காட்டி, "காலப்போக்கில..." என்று ஆரம்பித்தார்.

"கமிட்டி வந்துச்சு," என்றாள் ஐரீன். "அழுதாங்க. அப்புறம் எங்க வீட்ட இடிச்சாங்க. எங்க அடுப்பு மேல வண்டிய நிறுத்துனாங்க. கோடி வீடு காலியா இருக்கே, அதக் குடுங்கன்னு கெஞ்சினோம். அதுல ஓட்டாஞ்சில்ல குடி வச்சுட்டாங்க."

கர்னலின் மீசை துடித்தது. "ஆஹா! அந்தக் கோபத்தைப் பாருங்க! என்ன நடிப்பு!"

"நடிப்பில்ல, கண்ணு."

"நல்லா நடிக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

ஐரீன் எழுந்து நின்றாள். "யோவ்! நெசமாத்தான்யா சொல்றேன்! என் புருசன் அங்க மூச்சு விட முடியாமக் கெடக்காரு! யாராவது ஒரு ஆளு அந்தச் சாவிய எடுத்துக் குடுங்கய்யா!"

மற்றவர் முன்னால் உணர்ச்சிவசப்பட்டுவிட்ட ஒருவரைச் சமாளிக்க எங்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. ஒன்று, தேநீர் கொடுப்பது. மற்றொன்று, கை தட்டுவது. கெட்டிலில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஆகவே கை தட்டினோம். கர்னல் தட்டினார், பாதிரியார் தட்டினார், ஐந்தாம் எண்ணின் சாவியைப் பையில் வைத்திருந்த மார்ஜரி அம்மையாரும் தட்டினார். சாக்குத் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கச் சிரமமாக இருந்தாலும் நானும் தட்டினேன். டாக்டர் கீல் மட்டும் தட்டவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். பிறகு எங்கள் கூட்டம் எதற்கும் அவர் வருவதில்லை. விஞ்ஞானிகளுக்கு இங்கிதம் போதாது.

ஐரீன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு நாற்காலிகளை அங்கேயே விட்டுவிட்டு, மிக்கில்பி பேருந்துக்கு வரிசையில் போய் நின்றாள். சனிக்கிழமைதோறும் வந்து இதே பாத்திரத்தைச் செய்ய முடியுமா என்று நான் மரியாதையோடு கேட்டேன். அவள் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. அதில் 'கண்ணு' என்ற சொல் இல்லை.

ஒரு மதிப்பெண் குறைந்தும் கோப்பையை நாங்களே வென்றோம். லென் டாட் அந்தக் குளிர்காலத்தில் மாடியிலேயே இறந்துபோனார். உபகுழு ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தது.

கோப்பை ஐந்தாம் எண்ணில்தான் இருக்கிறது. வெள்ளி கறுத்துவிடக் கூடாதே என்று வெப்பமூட்டியை இரவும் பகலும் அணைப்பதில்லை. அதில் பொறிப்பதற்கான வாசகத்தைக் கர்னலே எழுதிக் கொடுத்தார்: 'ஏழைகளை அவர்கள் வீட்டிலிருந்து துரத்திய விதத்தை உள்ளது உள்ளபடி செய்து காட்டியதற்காக, ஸ்கெல்பி பாரம்பரியப் பாதுகாப்பு உபகுழுவுக்கு.' பொறிப்பதற்கு முன்னால் நானே உட்கார்ந்து நிதானமாகச் சரிபார்த்தேன். ஒரு சொல்கூடத் தப்பில்லை.